டிராக்டருக்குப் பின்னால் கண்ணுக்கு மறையும் இடம்

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் நம் களங்களில் வண்டிகள் முன்னே போவதைவிடப் பின்னே வருவதே அதிகம். நெல் ஏற்ற டிரெய்லர் பின்னால் வருகிறது. வைக்கோல் ஏற்ற இன்னொன்று வருகிறது. வரப்பு மூலையில் திரும்ப இடமில்லாமல் அறுவடை இயந்திரம் பின்வாங்குகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் நான்கைந்து வண்டிகள் மூட்டை அடுக்கை நோக்கிப் பின்புறமாகவே நகர்கின்றன. அந்த நேரத்தில் வண்டிகளுக்குப் பின்னால் நிற்பவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். சிந்திய நெல்லைக் கூட்டும் பெண்கள், சாக்குப் பிடிக்கும் ஆட்கள், சோறு கொண்டுவந்த பாட்டி, பள்ளிக்கூடம் விட்டு நேராகக் களத்துக்கு ஓடி வந்த பிள்ளைகள். அயலார் ஒருவரும் இல்லை. எல்லோரும் நம் வீட்டார், நம் ஊரார்.

உழவியல் பாடம் நடத்துகிறவனுக்கு டிராக்டரின் பின்புறத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாற்றின் வயதை நாள் கணக்கிலும், நடவு இடைவெளியைச் சென்டிமீட்டர் கணக்கிலும் பேசுகிற நாம், நம் சொந்த வண்டிக்குப் பின்னால் எத்தனை அடி தூரம் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதை ஒரு நாளும் அளந்தது கிடையாது. அதை அளக்க முடியும். அரை மணி நேரமும் ஒரு கைப்பிடி சுண்ணாம்பும் போதும்.

ஏன் தெரிவதில்லை?

விபத்து நடந்த பிறகு "ஓட்டுநர் பார்க்காமல் வந்துவிட்டார்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பார்த்தாலும் தெரியாது என்பதே பல இடங்களில் உண்மை. கழுத்தை முழுவதும் திருப்பி, கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே பின்னால் வரும் ஓட்டுநருக்கும் பெட்டியின் பின்பலகைக்கு அப்பால் தரை தெரியாது. அந்த மறைவு எவ்வளவு என்பதை ஒரு கணக்கால் காணலாம்.

இருக்கையில் அமர்ந்த ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 6½ அடி உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். டிரெய்லர் பெட்டி காலியாக இருக்கிறது. அதன் பின்பலகையின் மேல்விளிம்பு தரையிலிருந்து 5 அடி உயரம். ஓட்டுநரின் கண்ணுக்கும் பின்பலகைக்கும் இடையே 15 அடி தூரம். ஓட்டுநரின் பார்வை பின்பலகையின் விளிம்பை உரசிக்கொண்டு போகும்போது 15 அடி தூரத்தில் 1½ அடி இறங்கியிருக்கிறது. அதாவது பத்தடிக்கு ஓர் அடி சரிவு. இதே சரிவில் இன்னும் 5 அடி இறங்கித் தரையைத் தொட வேண்டுமானால், பலகைக்கு அப்பால் 50 அடி போக வேண்டும். காலியான பெட்டிக்குப் பின்னால் 50 அடி வரை தரை கண்ணுக்குத் தெரியாது.

நிமிர்ந்து நிற்கும் பெரிய ஆளின் தலை பலகைக்கு மேலே தெரிந்துவிடும். மூன்றடி உயரமுள்ள குழந்தையோ, குனிந்து நெல் கூட்டும் பெண்ணோ பெட்டிக்குப் பின்னால் 20 அடி வரை அறவே தெரியமாட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் தம் நெல் குவியலுக்குக் காவலாக இரவில் அங்கேயே படுத்துறங்குகிறவர்கள் உண்டு. படுத்திருப்பவரின் உயரம் ஓர் அடிதான். அவர் 40 அடி வரை மறைவில் இருக்கிறார்.

இது காலிப் பெட்டியின் கணக்கு. வைக்கோல் ஏற்றி, பாரத்தின் உச்சி ஓட்டுநரின் கண் மட்டத்துக்கு மேலே போய்விட்டால் கணக்குப் போடவே வேண்டியதில்லை. பார்வை கீழே இறங்காமல் வானத்தை நோக்கிப் போகிறது. நேர் பின்னால் எத்தனை தூரத்திலும் எதுவும் தெரியாது.

வேகத்தையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். மணிக்கு 4 கிலோமீட்டர் என்பது ஆள் நடக்கும் வேகம். களத்தில் பின்னால் வரும்போது "மெதுவாகத்தானே வருகிறேன்" என்று ஓட்டுநர் சொல்வது இந்த வேகத்தைத்தான். இந்த வேகத்தில் வண்டி நொடிக்கு மூன்றரை அடிக்கு மேல் நகர்கிறது. குழந்தை மறைந்திருக்கும் அந்த 20 அடியைக் கடக்க ஐந்தரை நொடி போதும். யாரோ கூச்சலிட்டு, அது எஞ்சின் இரைச்சலைத் தாண்டிக் காதில் விழுந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை நொடி ஆனாலும் அதற்குள் வண்டி ஐந்தடி வந்துவிடும்.

நம் வண்டியை நாமே அளப்போம்

மேலே சொன்ன அளவுகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. டிராக்டருக்கு டிராக்டர் இருக்கை உயரம் மாறும்; பெட்டிக்குப் பெட்டி பலகை உயரம் மாறும்; ஓட்டுநருக்கு ஓட்டுநர் உடல் உயரம் மாறும். ஆகையால் உங்கள் வண்டியை நீங்களே அளப்பதுதான் பயன் தரும்.

சமதளமான இடத்தில் டிராக்டரையும் டிரெய்லரையும் ஒரே நேர்க்கோட்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வழக்கமாக ஓட்டுபவரே இருக்கையில் அமர வேண்டும். மூன்றடி நீளமுள்ள ஒரு குச்சியின் நுனியில் சிவப்புத் துணியைக் கட்டி இன்னொருவரிடம் கொடுங்கள். அவர் குச்சியைத் தரையில் ஊன்றி நிமிர்த்திப் பிடித்தபடி, பின்பலகையின் நடுவிலிருந்து நேர் பின்னால் ஒவ்வோர் அடியாக நகர வேண்டும். ஓட்டுநர் வழக்கம்போல் உடலைத் திருப்பிப் பார்க்கலாம். எழுந்து நிற்கக் கூடாது. துணி முதன்முதலில் கண்ணில் பட்டவுடன் கை தூக்கட்டும். அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள். பெட்டியின் இடது மூலையிலிருந்தும் வலது மூலையிலிருந்தும், பெரிய சக்கரங்களின் பக்கவாட்டிலிருந்தும் இதேபோல் செய்து புள்ளிகளைக் கோடாக இணைத்துவிடுங்கள்.

கோடு போட்டு முடித்ததும் ஓட்டுநரை இறங்கி வந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பயிற்சியின் முக்கியமான பகுதி இதுதான். கோட்டுக்குள் எத்தனை பேர் நிற்க முடியும் என்பதை அவர் கண்ணால் காண வேண்டும். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் அழைத்து, "இந்தக் கோட்டுக்குள் நின்றால் அப்பாவுக்கு நீ தெரியமாட்டாய்" என்று காட்டுவது, நூறு முறை அதட்டுவதைவிடப் பலன் தரும். பெரிய வண்டி தம் கண்ணுக்கு நன்றாகத் தெரிவதால், வண்டியில் இருப்பவருக்கும் தாம் தெரிவதாகவே குழந்தைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

பின்பலகையைத் திறந்துவிடுங்கள்

செலவில்லாமல் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. பெட்டி காலியாக இருக்கும்போது களத்துக்குள் பின்னால் வர நேர்ந்தால், பின்பலகையின் கொண்டியை எடுத்துக் கீழே தொங்கவிடுங்கள். முன் சொன்ன கணக்கில் பலகை போய், பெட்டியின் தளம் மட்டும் 3¼ அடி உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 50 அடி வரை மறைந்திருந்த தரை இப்போது 15 அடியிலேயே தெரியத் தொடங்குகிறது. 20 அடி வரை மறைந்திருந்த மூன்றடிக் குழந்தை, பெட்டியிலிருந்து ஓரடி தள்ளி நின்றாலே தலை தெரிகிறது. முன்பலகை ஓட்டுநருக்கு மிக அருகில் இருப்பதால், அவர் பார்வை அதைத் தாண்டிச் செங்குத்தாக இறங்கிவிடுகிறது; அது அவ்வளவாக மறைப்பதில்லை. எல்லா மறைவும் பின்பலகையால் வருவதே.

சாலைக்கு ஏறும் முன் பலகையை மூடிக் கொண்டியைப் போட மறக்க வேண்டாம். பலகை தொங்கினால் பின்புற விளக்கும் பிரதிபலிப்பானும் மறைந்துபோகும். இரவில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரருக்கு அது ஆபத்து.

சில ஓட்டுநர்கள் பின்னால் பார்ப்பதற்காக மிதிதட்டில் எழுந்து நின்றபடி ஓட்டுகிறார்கள். கண் உயர்வதால் சிறிது கூடுதலாகத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் கால் கிளட்சையும் பிரேக்கையும் விட்டு விலகிவிடுகிறது. சக்கரம் ஒரு வாய்க்கால் கரையில் ஏறி இறங்கினால் ஓட்டுநரே சக்கரத்துக்கு முன் விழுவார். எழுந்து நிற்பதைவிட வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பது நல்லது.

கண்ணாடி எதைக் காட்டும், எதைக் காட்டாது?

பக்கக் கண்ணாடி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கண்ணாடி அவசியம், அதில் ஐயமில்லை. உடைந்த கண்ணாடியை மாற்றாமல் வெறும் கம்பியோடு ஓடுகிற டிராக்டர்களை எங்கும் பார்க்கிறோம். ஆயினும் கண்ணாடியால் முடியாதது எது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

டிரெய்லரின் அகலம் 6 அடி, கண்ணாடி அதன் பக்கத்தைவிட ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணாடியிலிருந்து பெட்டியின் பின்மூலை 17 அடி தூரம் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடி வழியாகப் போகும் பார்வை பின்மூலையை உரசிக்கொண்டு உட்பக்கம் சாயும்போது, 17 அடிக்கு ஓர் அடிதான் உள்ளே திரும்புகிறது. பெட்டியின் பாதி அகலமான 3 அடியைக் கடந்து நடுக்கோட்டை எட்ட இன்னும் 51 அடி போக வேண்டும். இரண்டு பக்கமும் இப்படியே என்பதால் பெட்டிக்கு நேர் பின்னால் 6 அடி அகலத்தில் தொடங்கி, 50 அடிக்கு அப்பால் கூராக முடியும் ஒரு முக்கோண மறைவு எஞ்சுகிறது. நல்ல கண்ணாடி இரண்டும் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தாலும் இந்த முக்கோணம் இருந்தே தீரும். பக்கவாட்டில் வருபவரையும், சுவர் மூலையையும், வாய்க்கால் ஓரத்தையும், முந்தி வரும் வண்டியையும் காட்டுவதற்கே கண்ணாடி.

வைக்கோலும் கரும்பும் ஏற்றும்போது பாரம் பெட்டியைவிட இருபுறமும் பிதுங்கி நிற்கும். அப்போது கண்ணாடியில் வைக்கோல் மட்டுமே தெரியும். நீளக் கம்பியில் பொருத்தி, வேண்டும்போது வெளியே இழுத்துக்கொள்ளும்படி செய்த கண்ணாடிதான் அதற்கு ஏற்றது. உள்ளூர்ப் பட்டறையிலேயே இதைச் செய்யச் சொல்லலாம். கம்பி மெல்லியதாக இருந்தால் எஞ்சின் அதிர்வில் கண்ணாடி நடுங்கி உருவம் கலங்கும். தடித்த குழாயாகப் போட்டு, பொருத்தும் இடத்தில் பழைய டியூப் துண்டை மடித்து வைத்து இறுக்க வேண்டும்.

கண்ணாடியில் இரண்டு வகை உண்டு. தட்டையான கண்ணாடி உள்ளதை உள்ள தூரத்தில் காட்டும். ஆனால் காட்டும் பரப்பு குறைவு. வெளிப்புறமாகப் புடைத்த கண்ணாடி (பள்ளிப் புத்தகத்தில் இதைக் குவி ஆடி என்பார்கள்) அதிகப் பரப்பைக் காட்டும். ஆனால் உருவம் சிறுத்துத் தெரிவதால், அருகில் இருப்பது தள்ளி இருப்பதுபோல் தோன்றும். "இன்னும் இடம் இருக்கிறது" என்று நினைத்துச் சுவரில் இடிப்பதற்கு இதுவே காரணம். புதிதாகக் குவி ஆடி மாட்டியவர்கள், பின்னால் ஒரு மூட்டையை வைத்து, கண்ணாடியில் தெரியும் அளவுக்கும் உண்மைத் தூரத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பலமுறை பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

இருக்கையில் அமர்ந்த நிலையிலேயே கண்ணாடியைத் திருப்பி வையுங்கள். அதன் உள்விளிம்பில் பெட்டியின் பக்கம் ஒரு விரற்கடை அளவு தெரிந்தால் போதும். மீதி முழுவதும் பக்கவாட்டு நிலமும் வழியும் தெரிய வேண்டும். பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் கீழ்ப்பகுதியில் தெரிய வேண்டும். அறுவடைக் காலத்தில் நெல் தூசி படிந்து அரை நாளிலேயே கண்ணாடி மங்கிவிடும். இருக்கைக்கு அடியில் ஓர் ஈரத்துணி இருக்கட்டும்.

வண்டி வளையும்போது நிலைமை வேறு. டிரெய்லர் இடப்பக்கம் மடங்கினால் இடக் கண்ணாடியில் பெட்டியின் பக்கப் பலகை நிறைந்து நிற்கும். வலக் கண்ணாடியில் வெறும் வயல் தெரியும். பெட்டியின் வலது பின்மூலை எங்கே போகிறது என்பதை இரண்டும் காட்டாது. டிராக்டரில் ஓட்டுநர் நடுவில் அமர்ந்திருப்பதால் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்க முடியும். ஆனால் பெரும்பாலோர் பழக்கத்தால் ஒரே தோள் வழியாகத்தான் பார்க்கிறார்கள். உங்கள் ஓட்டுநர் எந்தத் தோள் வழியாகப் பார்க்கிறார் என்று ஒரு நாள் கவனியுங்கள். மற்றப் பக்கத்தில்தான் ஆள் அடிபடும் வாய்ப்பு அதிகம்.

சைகை காட்டும் ஆள்

பெட்டிக்குப் பின்னால் உள்ள முக்கோணத்தைப் பார்க்கக் கூடியது தரையில் நிற்கும் இன்னொருவரின் கண்தான். கிராமத்தில் ஆளுக்குக் குறைவில்லை. "வா, வா, வரலாம்" என்று நான்கு பேர் நான்கு திசையிலிருந்து கத்துவார்கள். அதில் ஒருவர் "நிறுத்து" என்று கத்தினால் அது மற்ற மூவர் குரலில் அமுங்கிப் போகும். சைகை காட்ட ஒரே ஒருவர்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு விலகி நிற்பதே உதவி.

அந்த ஒருவர் நிற்க வேண்டிய இடம் பெட்டிக்குப் பின்னால் அல்ல. பெட்டியின் பின்மூலைக்குப் பக்கவாட்டில், பத்தடியாவது தள்ளி, ஓட்டுநரின் கண்ணாடியில் தம் முகம் தெரியும் இடத்தில். கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் அவருக்கு நீங்கள் தெரிகிறீர்கள். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவிலோ, பெட்டிக்கும் மூட்டை அடுக்குக்கும் நடுவிலோ நின்று கை காட்டுவது ஒருபோதும் கூடாது. சைகை காட்ட நின்றவரே நசுங்குவது இப்படித்தான்.

குரலை நம்பாதீர்கள், விசிலை நம்புங்கள். பேருந்து நடத்துநர் ஊதும் விசில் நம் எல்லோர் காதுக்கும் பழக்கமானது. களத்துக்கு ஒரு முறையை மட்டும் உறுதி செய்துகொள்ளலாம்: விசில் விட்டு விட்டு ஒலித்துக்கொண்டிருக்கும் வரை வண்டி வரலாம், ஒலி நின்றால் வண்டி நிற்க வேண்டும். "நிற்பதற்கு ஊத வேண்டும்" என்று வைத்துக்கொண்டால், ஊத வேண்டியவர் இடறி விழுந்த அந்த நொடியில் எச்சரிக்கை வராது. ஒலி நிற்பதே எச்சரிக்கை என்று வைத்துக்கொண்டால், அவருக்கு ஏதேனும் நேர்ந்தாலும் வண்டி நின்றுவிடும். அறுவடை இயந்திரம் போன்ற பேரிரைச்சல் உள்ள வண்டிகளுக்குக் கைச்சைகைதான் வழி. அங்கும் இதே முறை: ஆள் கண்ணாடியை விட்டு மறைந்தால் உடனே நிறுத்த வேண்டும். "எங்கேயாவது இருப்பார்" என்று இன்னும் இரண்டடி வரக் கூடாது.

ஆள் கிடைக்காத இடத்தில் ஓட்டுநர் இறங்கி வண்டியை ஒருமுறை சுற்றி வரட்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சுற்றிப் பார்த்துவிட்டு ஏறி அமர்ந்து, எஞ்சினைக் கிளப்பி, கியர் போட அரை நிமிடம் ஆகிவிடும். ஒரு குழந்தை 20 அடி ஓட மூன்று நான்கு நொடி போதும். ஆகவே பிள்ளைகள் உள்ள களத்தில் சுற்றிப் பார்ப்பது மட்டும் போதாது. வண்டி நகரும் முன் "பிள்ளைகள் எங்கே?" என்று கேட்டு, ஒவ்வொரு பிள்ளையின் கையும் ஒரு பெரியவர் பிடியில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கிளட்சை விட வேண்டும். "வீட்டுக்குப் போயிருப்பான்" என்ற பதில் செல்லாது.

டிரெய்லரை மாட்டும்போது

இதை எவரும் பின்னால் பார்க்கும் சிக்கலாக நினைப்பதில்லை. ஒருவர் டிரெய்லரின் இழுவைக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டிராக்டர் அவரை நோக்கிப் பின்னால் வருகிறது. அவர் குனிந்து நிற்பதால் ஓட்டுநருக்கு முதுகு மட்டுமே தெரிகிறது. பெரிய சக்கரங்களின் மட்கார்டு இருபுறமும் மறைக்கிறது. கிளட்சிலிருந்து கால் சிறிது வழுக்கினால் அரை அடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். இழுவைக் கம்பியை ஆள் தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவையே இருக்கக் கூடாது. சரியான உயரத்தில் ஒரு முட்டுக்கட்டையோ திருகு ஜாக்கியோ கொடுத்து நிறுத்துங்கள். டிராக்டர் முழுவதும் நின்று, கியர் விலகி, பிரேக் போட்ட பிறகே ஆள் இடையில் நுழைந்து ஆணியைப் போடலாம். இரண்டு அங்குலம் தவறினால் ஆள் வெளியே வந்த பிறகு டிராக்டர் மீண்டும் நகரட்டும். கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

சுழல் கலப்பை மாட்டியிருக்கும்போது பின்னால் வர நேர்ந்தால், பி.டி.ஓ. தண்டை நிறுத்தி, கலப்பையைத் தூக்கிக்கொண்டே வர வேண்டும். தூக்கிய கலப்பையும் ஒரு பலகைபோலத் தரையை மறைக்கும். வரப்பு வெட்டும் ஆள் மூலையில் குனிந்திருந்தால் தெரியாது.

அறுவடை இயந்திரம்

நெல் அறுவடை இயந்திரத்தில் ஓட்டுநர் முன்னால், உயரத்தில் அமர்ந்திருக்கிறார். அவர் கண் அறுக்கும் பகுதியின் மீதே இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் தானியத் தொட்டியும் எஞ்சினும் சுவர்போல் நிற்கின்றன. நேர் பின்னால் அவருக்கு எதுவும் தெரியாது. டயர் வண்டியானாலும் பெல்ட் வண்டியானாலும் இதில் வேறுபாடு இல்லை. சிறு வயல்களில் ஒவ்வொரு மூலையிலும் பின்வாங்கித்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் வைக்கோல் விழும் இடத்தில் கதிர் பொறுக்க ஆட்கள் நெருங்கி வருகிறார்கள். வெளியூரிலிருந்து வாடகைக்கு வரும் இயந்திரத்தின் ஓட்டுநருக்கு நம் வயலின் மேடுபள்ளமும் தெரியாது, நம் பிள்ளைகளின் ஓடும் பழக்கமும் தெரியாது. இயந்திரம் வயலில் இறங்கும் முன்பே, "அறுத்து முடித்து வண்டி வரப்பேறும் வரை யாரும் வயலில் இறங்கக் கூடாது" என்று நிலத்துக்காரரே சொல்லிவிட வேண்டும். கதிர் பொறுக்குவது அதன் பிறகு நடக்கட்டும். கதிர் எங்கும் ஓடிவிடாது.

காமிராவும் ஒலிப்பானும்

இப்போது பின்புறக் காமிரா எளிதாகக் கிடைக்கிறது. அமெரிக்காவில் 2008-ல் இயற்றிய சட்டத்தின்படி, 2018 மே மாதம் முதல் விற்பனையாகும் புதிய கார்களுக்கும் சிறு சரக்கு வண்டிகளுக்கும் பின்புறக் காமிரா கட்டாயம். வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளமுள்ள இடம் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும் என்பது அங்குள்ள அளவு. நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில், பின்னால் தடை இருந்தால் ஒலியெழுப்பும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. லண்டன் நகரில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள், ஓட்டுநருக்கு நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்பதை அளந்து தரம் பிரிக்கப்பட்டு, 2021 முதல் அனுமதிச் சீட்டின் பேரிலேயே ஓடுகின்றன. கண்ணுக்கு மறையும் இடத்தை அளப்பது வெறும் வேலையன்று என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

டிராக்டரின் 12 வோல்ட் பாட்டரியில் இந்தக் காமிராக்கள் வேலை செய்யும். டிராக்டரின் பின்புறத்தில் பொருத்தினால் கலப்பை வேலைக்கும் டிரெய்லரை மாட்டுவதற்கும் மட்டுமே பயன்படும். டிரெய்லருக்குப் பின்னால் பார்க்க வேண்டுமானால் டிரெய்லரின் பின்மூலையில் பொருத்தி, பின்விளக்குக்குப் போகும் கம்பியோடு இதன் கம்பியையும் கொண்டுவந்து, இணைப்பில் கழற்றி மாட்டும்படி பிளக் வைக்க வேண்டும். காமிராவின் கண்ணாடியில் தூசியும் சேறும் அப்பிக்கொள்ளும். பின்பலகையின் விளிம்புக்குச் சற்று உள்ளடங்கி இருந்தால் நல்லது. திரையில் தெரியும் தூரமும் குவி ஆடியைப் போலவே ஏமாற்றும். காமிரா வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கலாம். ஆனால் சைகை காட்டும் ஆளை அதற்காக நிறுத்திவிட வேண்டாம். வெயில் நேராகத் திரையில் விழும் நண்பகலில் படம் தெரியாது. திறந்த டிராக்டரில் இது அன்றாடம் நடப்பது.

பின் கியர் போட்டவுடன் ஒலிக்கும் ஒலிப்பான் விலை குறைவு. அதன் குறை என்னவென்றால், நாள் முழுவதும் ஒலிப்பதைக் கேட்டுக் கேட்டுக் களத்தில் உள்ளவர்களுக்குக் காது பழகிவிடுகிறது. காது மந்தமான முதியவர்களுக்கும், அதைப் பாட்டாக நினைத்து அருகில் ஓடிவரும் குழந்தைகளுக்கும் அதனால் பயனில்லை. இரவு வேலைக்குப் பின்புற வயல் விளக்கு எரிய வேண்டும். ஒலிப்பானுக்குச் செலவிடும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

பின்னால் வரவே வேண்டாத களம்

என்னைக் கேட்டால், கண்ணாடி, காமிரா எல்லாவற்றையும்விட மேலானது வண்டி பின்னால் வர வேண்டிய தேவையையே குறைப்பதுதான். களம் புதிதாக அமைப்பவர்களும், வீட்டோடு சேர்ந்த களத்துக்கு வேலி போடுகிறவர்களும் ஒரு வாசலுக்குப் பதில் இரு வாசல் விடுங்கள். ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேறலாம். இரண்டு வாசலுக்கு வழியில்லாத இடத்தில் களத்தைச் சுற்றி ஒரு வட்டப் பாதை விடலாம். அதன் அளவை ஊகத்தால் போட வேண்டாம். டிரெய்லர் மாட்டிய உங்கள் வண்டியைக் காலியாக ஒருமுறை வட்டமடித்து, சக்கரத் தடத்தின் வெளி ஓரத்திலும் உள் ஓரத்திலும் முளைக்குச்சி அடித்துவிடுங்கள். திரும்பும்போது டிரெய்லர் சக்கரம் டிராக்டர் சக்கரத்தைவிட உட்பக்கம் தள்ளித்தான் வரும் என்பதால் உள் ஓர முளையும் தேவை. இருபுறமும் மூன்றடி கூட்டினால் உங்கள் பாதையின் அகலம் கிடைத்துவிடும்.

சமையல் செய்யும் இடம், குடிநீர்ப் பானை, பிள்ளைகள் உட்கார வேப்பமர நிழல் ஆகியவை இந்தப் பாதையைக் கடக்காமல் போய்வரும்படி ஒரே பக்கத்தில் இருக்கட்டும். வைக்கோல் போரைச் சுவரோடு ஒட்டிப் போடாமல், பாதையின் ஓரமாகப் போட்டால், டிரெய்லர் முன்புறமாகவே வந்து அதன் பக்கத்தில் நிற்கலாம். பழைய களத்தில் இதற்கெல்லாம் இடமில்லை என்றால், வண்டி பின்னால் வந்து நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பனந்துண்டைத் தரையில் புதைத்து வையுங்கள். சக்கரம் அதில் முட்டி நிற்கும். அதற்கு அப்பால் மூன்றடி தள்ளி மூட்டையை அடுக்கலாம்.